டபுள் பீன்ஸின் தூரத்துச் சொந்தங்கள்: மரபு ரக லைமா பீன்ஸ் பற்றி எளிமையாக

போன டிசம்பரில் கலிபோர்னியாவிலிருந்து திரும்பிய தோழி ஒருத்தி, சாக்லேட்டுக்குப் பதிலாக அரைக் கிலோ பீன்ஸ் கொண்டுவந்து கொடுத்தாள். பையைப் பிரித்து மேசையில் கொட்டியதும் என் அத்தை ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம் சிங்கப்பூர் ஐம்பது காசு நாணயத்தின் அகலம் இருக்கும். பால் நிறத் தோலில் யாரோ மெரூன் சாயத்தை உதறிவிட்டது போலத் தெறிப்புகள். ஒன்றில் இருக்கும் கோலம் இன்னொன்றில் இல்லை. "இது சமைக்கிறதாம்மா, இல்ல பல்லாங்குழி ஆடுறதா?" என்றார்.

சமைக்கிறதுதான். பெயர் கிறிஸ்துமஸ் லைமா. மரபு ரகம் என்று பையில் பெருமையாக அச்சடித்திருந்தார்கள், விலையும் அதற்கேற்ப. ஆனால் இது நமக்கு ஒன்றும் அந்நியச் சரக்கு இல்லை. குருமாவிலும் வெஜிடபிள் பிரியாணியிலும் போடுகிறோமே டபுள் பீன்ஸ், அதுவும் இதே இனம்தான்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம்

லைமா பீன்ஸின் தாவரவியல் பெயர் பேசியோலஸ் லூனாட்டஸ். லூனா என்றால் நிலா. விதை பிறை மாதிரி வளைந்திருப்பதால் வந்த பெயர். 'லைமா' வந்தது பெரு நாட்டின் தலைநகரிடமிருந்து. ஊரை லீமா என்றும் பீன்ஸை லைமா என்றும் உச்சரிப்பது ஆங்கிலம் பேசுபவர்களின் வேலை, நாம் அதை அப்படியே வாங்கிக்கொண்டோம்.

லிட்டில் இந்தியா எனும் தேக்காவில் பஃபலோ ரோடு பக்கம் காய்கறி வாங்குபவர்களுக்கு இது டபுள் பீன்ஸ். பேரங்காடியில் டின் வாங்குபவர்களுக்கு பட்டர் பீன்ஸ். இரண்டும் ஒரே இனம். மொச்சை மட்டும் வேறு. பழைய அகராதிகள் சில லைமாவுக்கு மொச்சை என்றே பொருள் தந்துவிடுகின்றன, ஆனால் மொச்சை நம் அவரையின் உடன்பிறப்பு. உரிக்கும்போதே கையில் ஏறும் அந்த மொச்சை வாசம் லைமாவில் கிடையாது. லைமாவின் ருசி சாதுவானது. மாவுத்தன்மை கூடுதல், வெண்ணெய் மாதிரி நாக்கில் கரையும்.

இன்னொரு குழப்பம் சிங்கப்பூர்த் தாய்மார்களுக்கு முக்கியமானது. இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு இருக்கிறதா என்று பிறந்தவுடனே சோதிக்கிறார்கள். குறைபாடு இருந்தால் தவிர்க்கச் சொல்லும் பட்டியலில் 'பீன்ஸ்' என்று ஒரு சொல் வரும். அது ஃபாவா எனும் பெரிய பீன்ஸ். கச்சாங் பூத்தே கூம்பில் கடலையோடு கலந்து பொரித்து வருமே, அது. (அந்தக் கூம்புகளைத் திரையரங்க வாசலில் சுருட்டிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் நம் தமிழர்கள்தான்.) ஃபாவாவில் நிறைந்திருக்கும் வைசின், கான்வைசின் என்ற பொருள்கள்தான் சிக்கல் செய்கின்றன. லைமா வேறு கிளை. ஆனாலும் வீட்டில் அந்தக் குறைபாடு உள்ள பிள்ளை இருந்தால், புதிதாக எந்தப் பயறு கொடுக்கும் முன்பும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடைகளில் 'பேபி லைமா' என்று சின்னதாக ஒன்று விற்கும். பெரிய லைமாவைப் பிஞ்சிலேயே பறித்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது தனி ரகம். எவ்வளவு நாள் கொடியில் விட்டாலும் வளராது.

மரபு ரகம் என்றால் என்ன?

மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார் என்று நெல் ரகங்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். விளைந்ததிலிருந்தே அடுத்த வருஷத்துக்கு விதை எடுத்துவைத்து, அதை மகன் நட்டு, பேரன் நட்டு என்று தலைமுறையாக வந்தவை. அதே கதைதான் மரபு ரக லைமாவுக்கும். நட்டால் தாயைப் போலவே பிள்ளை வரும். வீரிய ஒட்டு விதையில் அது நடக்காது. இரண்டாம் தலைமுறையில் குணம் சிதறிவிடும், அதனால் ஒவ்வொரு முறையும் புது விதைக்குக் கடைக்குப் போக வேண்டும். ஒரு சிறு எச்சரிக்கை: மற்ற பீன்ஸைவிட லைமாவில் தேனீ மூலம் கலப்பு நடக்க வாய்ப்பு அதிகம். இரண்டு ரகங்களை அருகருகே நட்டால் அடுத்த வருஷம் எது எதுவென்று தெரியாது.

லைமா ஒரே இடத்தில் பிறந்த பயிர் அல்ல. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் பெரிய விதைக்காரர்கள் ஒரு பக்கம், மெக்சிகோ வட்டாரத்தில் சின்ன விதைக்காரர்கள் இன்னொரு பக்கம் என்று காட்டுக்கொடியைத் தனித்தனியே வீட்டுப்பயிராக்கினார்கள். ஆண்டிஸ் பக்கம் இது சுமார் 4,000 ஆண்டுப் பழக்கம். பெருவின் கடற்கரையில் வாழ்ந்த மோச்சே மக்கள் தங்கள் மண்பாண்டங்களில் லைமா விதைகளைத் தீட்டி வைத்திருக்கிறார்கள், சிலவற்றில் விதைக்குக் கையும் காலும் முளைத்து ஓடிக்கொண்டிருக்கும். ரஃபேல் லார்கோ ஓய்லே என்ற பெரு நாட்டு ஆய்வாளர், விதையில் உள்ள கோடும் புள்ளியும் ஒருவகை எழுத்து என்றே வாதிட்டார். அறிஞர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் லைமாவின் தெறிப்புகளை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று புரிகிறது.

ரகங்கள் நிறைய. ஹோப்பி பழங்குடியினர் அரிசோனாவின் வறண்ட மண்ணில் காத்துவந்தவை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று பல நிறம். 1883-ல் வந்த 'கிங் ஆஃப் த கார்டன்' வெள்ளை, பெரியது, கொடி ஆள் உயரத்தையும் தாண்டும். 'ஜாக்சன் வொண்டர்' சின்னது, பழுப்பு மேல் ஊதாத் திட்டு, குத்துச்செடியாகவே நிற்கும். கடையில் விற்கும் லைமா மட்டும் ஏன் எப்போதும் வெள்ளை? இயந்திரத்துக்கு ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே நாளில் முற்றும் காய் வேண்டும். வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

சத்து எவ்வளவு?

இங்கேதான் விளம்பரத்துக்கும் உண்மைக்கும் கொஞ்சம் இடைவெளி. பெரிய லைமா ஒரு கோப்பை, அதாவது வெந்து வடித்தது சுமார் 188 கிராம் எடுத்துக்கொண்டால் 216 கலோரி. புரதம் ஏறக்குறைய 15 கிராம், இரண்டு முட்டையில் உள்ளதைவிடக் கூடுதல். நார்ச்சத்து 13 கிராம். கொழுப்பு ஒரு கிராம் கூட இல்லை. இரும்புச்சத்து 4.5 மில்லிகிராம், பொட்டாசியம் 955 மில்லிகிராம், ஃபோலேட் 156 மைக்ரோகிராம். இந்த எண்கள் சாதாரண வெள்ளை லைமாவுக்கு உரியவை. மரபு ரகங்களும் இதையொட்டியே இருக்கும். வண்ணத்தோலில் நிறமிப் பொருள்கள் கொஞ்சம் கூடுதல் என்பது சரி, ஆனால் அதில் நல்ல பங்கு வேகவைத்த தண்ணீரோடு போய்விடுகிறது. ஆகவே 'மரபு' என்ற முத்திரையைச் சத்துக்கு என்று படிக்காதீர்கள். அது ருசிக்கும் விதைக்கும் உரிய முத்திரை. இரட்டிப்பு விலை கொடுப்பதானால் அதற்காகக் கொடுங்கள்.

பயறுப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் நிறைய, மெத்தியோனின் என்பது குறைவு. அரிசியில் நேர் எதிர். சோறும் பயறும் சேர்த்துச் சாப்பிடும் நம் வழக்கம் ஒன்றின் குறையை ஒன்று அடைத்துவிடுகிறது. ஒரே வேளையில் சேர வேண்டும் என்றுகூட இல்லை, ஒரு நாளைக்குள் சேர்ந்தால் போதும். பயறில் உள்ள இரும்பு உடம்பில் சுலபமாகச் சேராது, எலுமிச்சை பிழிந்தால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தே தாரிக் எனும் பால் தேநீர் குடிப்பது அந்த இரும்பைத் தட்டிவிடும் வேலை. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது நல்ல பயறு, நார்ச்சத்தால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். சிறுநீரகப் பிரச்சினைக்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் மேலே உள்ள 955 என்ற எண்ணை இன்னொரு முறை பார்க்கவும்.

விஷயம் இருக்கிறது, பயம் வேண்டாம்

அத்தையின் அம்மா ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று வளர்ந்தவர். கசப்பு மரவள்ளியை அப்படியே தின்னக்கூடாது, வேகவைத்துத் தண்ணீரைக் கொட்ட வேண்டும் என்று அந்தத் தலைமுறைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மரவள்ளியில் இருக்கும் லினமாரின் என்ற பொருள்தான் லைமாவிலும் இருக்கிறது. விதை உடைந்து தண்ணீர் பட்டதும் அதிலேயே உள்ள ஒரு நொதி லினமாரினைப் பிரித்து ஹைட்ரஜன் சயனைடை வெளிவிடும்.

அளவுதான் முக்கியம். அமெரிக்காவில் விளையும் வெள்ளை லைமாவில் நூறு கிராமுக்குச் சுமார் 10 மில்லிகிராம் சயனைடு வெளிவரும். ஜாவாவின் கறுப்பு ரகங்களில் 300-ஐத் தொட்ட கணக்கு உண்டு. நூறு வருஷத்துக்கு முன்பு ஜாவாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் ஐரோப்பாவுக்குப் போன வண்ண லைமாக்களால் நஞ்சேறிய சம்பவங்கள் நடந்தன. கடைகளில் உணவுக்கென்று பொட்டலத்தில் விற்பவை குறைந்த அளவுள்ள ரகங்கள். யாரோ தோட்டத்தில் அழகுக்கு வளர்த்த கறுப்பு விதை, காட்டில் பொறுக்கியது, இவற்றைச் சமையலுக்கு எடுக்கவே வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கை. ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலை சுமார் 26 டிகிரி செல்சியஸ். நம் வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறை அதைவிடச் சூடாகத்தான் இருக்கும். அதனால் மூடியைத் திறந்து வைத்துக் கொதிக்கவிட்டால் அது ஆவியோடு போய்விடும். மூடி போட்டு அடைத்தால் திரும்பத் தண்ணீருக்குள்ளேயே இறங்கும். ஊறவைத்த தண்ணீரையும் முதல் கொதிநீரையும் கொட்டச் சொல்வது இதற்காகத்தான். பச்சையாகச் சாப்பிடுவதும், பாசிப்பயறு மாதிரி முளைகட்டிப் பச்சையாகச் சாலட்டில் போடுவதும் லைமாவுக்குக் கூடாது.

வயிற்றைக் கெடுக்கும் லெக்டின் என்ற இன்னொரு பொருளும் இருக்கிறது. பத்து நிமிஷம் தளதளவென்று கொதித்தால் அழியும். மெல்லிய சூட்டில் எட்டு மணி நேரம் வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் அழியாது. அந்தப் பாத்திரத்தில் போடுவதானால் அடுப்பில் ஒரு முறை கொதிக்கவைத்து வடித்துவிட்டுப் போடுங்கள்.

சிங்கப்பூர் அலமாரியும் வேகாத பீன்ஸும்

பீன்ஸ் வேகவில்லை என்று புகார் சொல்பவர்கள் பெரும்பாலும் பீன்ஸையே குறை சொல்வார்கள். குற்றவாளி அலமாரி. சூடும் ஈரப்பதமும் சேர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த பயறு உள்ளுக்குள் இறுகிவிடும், எவ்வளவு கொதித்தாலும் நடுவில் சுண்ணாம்பு மாதிரி நிற்கும். உணவு விஞ்ஞானிகள் இதற்கு 'வேகாமை' என்று தனிக் குறைபாடாகவே பெயர் வைத்து ஆராய்கிறார்கள். வருஷம் முழுக்க 30 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமுமாக இருக்கும் நம் ஊரில் இது நடக்கவில்லை என்றால்தான் ஆச்சரியம். வாங்கியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுங்கள். கடையில் வாங்கும்போது பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள், தோல் வெடித்தவையும் அடியில் தூசி மாதிரி மாவு தங்கியதும் பழைய சரக்கு.

ஊறவைப்பதிலும் ஊர் குணம் உண்டு. முதல் முறை நான் இரவு பத்து மணிக்கு ஊறவைத்துச் சமையல் மேடையிலேயே விட்டுவிட்டேன். காலையில் மேலே நுரை, லேசாகப் புளித்த வாடை. நான்கு வெள்ளி சரக்கு குப்பைக்குப் போனது. இட்லி மாவு பொங்கும் வேகத்தை நினைத்திருந்தால் தெரிந்திருக்கும். இப்போது குளிர்ப்பெட்டியில்தான் ஊறவைக்கிறேன், எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். தண்ணீரில் ஒரு கரண்டி உப்பு போடலாம். 'உப்பு போட்டால் வேகாது' என்பது பழைய நம்பிக்கை. உண்மையில் உப்பு தோலை மிருதுவாக்கும். வேகவிடாமல் தடுப்பது புளியும் தக்காளியும்தான்.

முதல் ஒரு மணி நேரத்தில் விதைகளைப் பார்த்தால் திகிலாக இருக்கும். தோல் மட்டும் தண்ணீர் குடித்துச் சுருங்கிச் சுருங்கி, கிழவி கன்னம் மாதிரி ஆகிவிடும். கெட்டுப்போச்சே என்று தூக்கிப் போடாதீர்கள். உள் பருப்பு மெதுவாக ஊதி அந்தச் சுருக்கத்தை நிரப்பும். எல்லாச் சுருக்கமும் போய் வழவழவென்று ஆனதுதான் ஊறியதற்கு அடையாளம்.

அப்புறம் தண்ணீரைக் கொட்டிப் புதுத் தண்ணீர் விட்டு, மூடாமல் பத்து நிமிஷம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். லைமா நிறைய நுரைக்கும், அதை வழித்து எடுத்துவிடலாம். அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, மறுபடி நல்ல தண்ணீர், ஒரு துண்டு இஞ்சி, ஒரு கரண்டி எண்ணெய். சிறு தீயில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். நாலைந்து விதையைக் கரண்டியில் எடுத்து ஊதிப் பாருங்கள், தோல் சுருண்டு விலகினால் பக்குவம் நெருங்கிவிட்டது. பிரஷர் குக்கர் வேண்டும் என்றால் அந்த முதல் கொதிக்குப் பிறகு மாற்றுங்கள், பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். நுரையும் பிரிந்த தோலும் ஆவித் துளையை அடைத்துவிடும். ஒரு கோப்பை உலர்ந்த லைமா வெந்தால் இரண்டரைக் கோப்பை ஆகும்.

ஒரு ஏமாற்றத்துக்கும் தயாராக இருங்கள். கிறிஸ்துமஸ் லைமாவின் அந்த மெரூன் வேகும்போது மங்கிப் பழுப்பாகிவிடும். தண்ணீர் மட்டும் தேநீர் நிறத்தில் இருக்கும். அத்தை பானையை எட்டிப் பார்த்து, "அழகெல்லாம் தண்ணியோட போச்சே" என்றார். ருசி போகவில்லை. அவித்த கஷ்கொட்டை தின்ற ஞாபகம் இருந்தால் அதே மாவு ருசி.

எதில் போடலாம்?

எனக்குப் பிடித்தது புளிக்குழம்பு. நல்லெண்ணெயில் வெந்தயம், கடுகு தாளித்து, பத்துப் பதினைந்து சின்ன வெங்காயம், ஒரு முழுப் பூண்டு, கத்திரிக்காய் வதக்கி, குழம்புப் பொடி, புளிக்கரைசல் விட்டுப் பச்சை வாசம் போகக் கொதித்த பிறகு, வெந்த லைமாவைச் சேருங்கள். வேகாத பயறைப் புளியில் போட்டால் அன்றைக்குச் சாப்பாடு கிடையாது. பத்து நிமிஷம் கொதித்து எண்ணெய் பிரிந்ததும் இறக்கி மூடி வையுங்கள். சூடாகச் சாப்பிட்டதைவிட மறுநாள் காலை இட்லிக்குத் தொட்டுக்கொண்டபோதுதான் அதன் உண்மை ருசி தெரிந்தது. விதை ஒவ்வொன்றும் புளியும் காரமும் குடித்து, உள்ளே மட்டும் வெண்ணெயாக இருந்தது.

நவராத்திரிச் சுண்டலுக்கும் ஆகும், ஆனால் கடலை மாதிரி கரண்டியால் புரட்டினால் உடைந்து களி ஆகிவிடும். வாணலியைக் குலுக்கியே கிளறுங்கள். புரட்டாசி மாதம் சைவம் சாப்பிடும் வீடுகளில் இறைச்சி இல்லாத பிரியாணிக்கு இதைவிட நல்ல துணை இல்லை. மலாய்க்காரர்கள் லொந்தோங் எனும் சோற்றுக்கட்டிக்குச் செய்யும் சாயூர் லோடேயில், தேங்காய்ப்பால் குழம்பில், தௌகுவா எனும் கெட்டி டோஃபுவுக்குப் பக்கத்தில் ஒரு கை வெந்த லைமாவைப் போட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா பாத்திரத்தைத் திருப்பித் தரும்போது "என்ன பீன்ஸ் இது?" என்று கேட்டார்.

மற்ற ஊர்க்காரர்களும் சும்மா இல்லை. ஸ்பெயினின் வலென்சியா பாயெல்லாவில் கர்ரோஃபோ என்று தட்டையாகப் பெரிதாக ஒரு பீன்ஸ் கட்டாயம் இருக்கும், அது லைமாதான். பெருவில் இதற்குப் பயார் என்று பெயர், இக்கா ஊரின் பயாருக்குப் புவிசார் அடையாளமே உண்டு. வட அமெரிக்கப் பழங்குடியினரிடமிருந்து வந்த சக்கோட்டாஷ் சோளமும் லைமாவும் சேர்ந்த பதார்த்தம். ஜப்பானில் வெள்ளைப் பயறு இனிப்புப் பூரணத்துக்கு இறக்குமதி லைமாவை, சயனைடு நீக்கும் பக்குவத்தோடு, பயன்படுத்துகிறார்கள்.

வயிற்றில் வாயு பற்றி ஒரு வார்த்தை. அது ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளின் வேலை. ஊறிய தண்ணீரைக் கொட்டுவதால் கொஞ்சம் குறையும். பெருங்காயம், இஞ்சி போடும் வழக்கத்தை விடாதீர்கள். பழக்கம் இல்லாதவர்கள் முதல் நாள் அரைக் கோப்பையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மரபு ரகம் தேடி அலைய வேண்டாம் என்பவர்கள், தேக்கா மளிகைக் கடைகளில் உலர்ந்த டபுள் பீன்ஸ் பொட்டலத்தில் தொடங்கலாம். பச்சை டபுள் பீன்ஸ் வந்த நாளில் அகப்பட்டால் இன்னும் நல்லது. அதற்கு ஊறவைக்கும் வேலை இல்லை, உரித்து, கொதிக்கவைத்து, தண்ணீரை வடித்தால் போதும். வெந்தது மிஞ்சினால் சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து உறையவைத்துக்கொள்ளலாம்.

தோழி கொடுத்த பையில் கடைசியாக ஒரு கைப்பிடி மிச்சம். முளைக்கப் போடலாமே என்றார் அத்தை. வெளிநாட்டு விதையை இங்கே நடுவதென்றால் தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி விதிகளை முதலில் பார்க்க வேண்டும், சமைக்கக் கொண்டுவந்ததை மண்ணில் போட வேண்டாம் என்றேன். "அப்ப பல்லாங்குழிதான்," என்று பன்னிரண்டு விதையை எண்ணி எடுத்துக்கொண்டார்.